தாய்வழிக் கோடுகள்

பச்சைப் பிள்ளைக்கு வேர்க்குரு வரும், அக்கி வரும், பெயர் தெரியாத பொரியெல்லாம் வரும். ஆனால் கொப்புளம் வரிசையில் நிற்காது. சைகல் தன் மகளின் கெண்டைக்காலைத் திருப்பிப் பார்த்தபோது, அவை முழங்காலுக்குப் பின்னால் தொடங்கி, ஒரு வளைவு வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் குதிகால்வரை இறங்கியிருந்தன. யாரோ விரலைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகக் கோடு இழுத்த மாதிரி. துணியை மூடிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தாள். இன்னொரு காலிலும் இருந்தது.

"அக்கிதான்டி. சாம்பல் தண்ணி தெளிச்சா ஓடிப்போயிடும்" என்றாள் அம்மா புருல்கான். "இதுக்குப் போய் டாக்டரக் கூப்பிடறேன்னு நிக்கறாரே உன் புருஷன்."

பிரசவத்துக்குப் பிறகான நாற்பது நாளும் மகளோடு இருக்க, மலைக்கிராமத்திலிருந்து நரின் நகரத்துக்கு இறங்கி வந்திருந்தாள் அம்மா. வாய் திறந்தால் மேல்வரிசை முழுக்கத் தங்கப்பல். வீட்டுக்குள்ளும் தடித்த கம்பளிக் காலுறை. அதைக் கழற்றி சைகல் ஒருநாளும் பார்த்ததில்லை. ஊரே சேர்ந்து போகும் குளியலறைக்குக்கூட அம்மா வரமாட்டாள், நெஞ்சு படபடக்கும் என்பாள்.

அந்த நாற்பது நாளும் தாயும் சேயும் இருக்கும் அறையில் விளக்கு அணையக் கூடாது. பச்சைப் பிள்ளையைத் தேடி வரும் பேய், மஞ்சள் முடிக்காரி அல்பர்ஸ்தி, இருட்டுக்காகக் காத்திருப்பாள் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். படித்தவர்கள் சிரித்துக்கொண்டே விளக்கைப் போட்டு வைப்பார்கள். அம்மா சிரிக்கவில்லை. உச்சியில் ஒரு விளக்கு, தலைமாட்டில் ஒன்று, மின்சாரம் போனால் இருக்கட்டும் என்று ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு மெழுகுவத்தி. பட்டப்பகலிலும் அது எரிந்தது.

அன்று காலை சைகல் சமையலறையில் நூடுல்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். நிலக்கரி அடுப்பு முனகியது. வெளியே பனி, ஓசையே இல்லாமல், ஜன்னலின் பாதிவரை ஏறியிருந்தது. அறையிலிருந்து அம்மாவின் குரல் தாழ்ந்து கேட்டது. பிள்ளையைக் கொஞ்சுகிற குரல் இல்லை. ஒன்று சொல்வதும், நிறுத்துவதும், காத்திருப்பதும், பிறகு "ம்ஹூம், அவ்வளவு முடியாது" என்பதுமாக இருந்தது. ஆட்டிறைச்சிக் கொழுப்பின் வாசனைக்கு அடியில் முடி பொசுங்கும் நெடி ஒன்று நடைவழியில் ஊர்ந்து வந்தது.

மாவுக் கையோடு போய் எட்டிப் பார்த்தாள். அம்மா தொட்டிலுக்குக் குறுக்கே வலது கையை நீட்டியிருந்தாள். கை காற்றில் மேலும் கீழும் மெல்ல அசைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச்சந்தையில் வாங்குகிறவனும் விற்கிறவனும் விலை படிகிறவரை பிடித்த கையை விடாமல் குலுக்குவார்களே, அதே அசைவு. அந்தப் பக்கம் ஆள் இல்லை.

"யார்கிட்டம்மா பேசற?"

"பிள்ளைகிட்டதான். வேற யாரு இருக்கா?" அம்மா கையை இழுத்துக்கொண்டாள். சட்டென்று வரவில்லை. சிக்கிய கையை உருவுவதுபோல் உருவ வேண்டியிருந்தது.

சைகல் திரும்பவும் மாவு தேய்க்கப் போனாள். வேறென்ன செய்ய? பெற்றவளைச் சந்தேகப்பட்டால் நாக்கு அழுகும் என்று வளர்ந்தவள். ஆனாலும் அழுத்தித் தேய்த்ததில் மாவு கிழிந்தது.

மதியம், கணவன் எர்மெக் தோல் மருத்துவர் தமிராவைக் காரில் கூட்டி வந்தான். பெரிய கம்பளிச் சால்வைக்குள் சின்ன உருவம், பெரிய வாய். பனியை உதறிக்கொண்டே, "குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்று கேட்டாள்.

எர்மெக் நெஞ்சை நிமிர்த்தி, தன் அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஏழு தலைமுறை ஆண்களின் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "ஒருத்தருக்கும் இல்லக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க பக்கமும் ஏழு அப்பனையும் விசாரிச்சுட்டுதான் பொண்ணெடுத்தோம்."

"ஏழு அப்பன் சரி. இவளோட அம்மாவப் பெத்தவ பேரு என்ன?"

எர்மெக் சைகலைப் பார்த்தான். சைகல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இதான் நம்ம ஊரு லட்சணம்" என்று சொல்லிவிட்டு, தமிரா பிள்ளையின் துணியை விலக்கினாள். விரல் நுனியால் கோட்டின் ஓரமாகவே தடவிக்கொண்டு போனாள்.

"அக்கி கொத்தாக் குந்தும், இது கோடு போட்டு நடக்குது. காய்ச்சல் இல்ல. தொட்ட எடம் உரியுதா? அதுவும் இல்ல." நிமிர்ந்தாள். "நல்லாக் கேட்டுக்கோ சைகல். ரெண்டு நினைக்கிறேன். ஒண்ணு, பிரசவத்துல ஒட்டற வைரஸ். அதுன்னா இன்னைக்கே இங்க ஆஸ்பத்திரில ஊசி ஏத்தணும்; இந்தக் குளிர்ல மலை ஏத்தினா தாங்காது. இன்னொண்ணு ரொம்ப அபூர்வம். தோலும் நரம்பும் சேர்ந்த வியாதி. தோலு தானா ஆறிடும், கோடு மட்டும் நிக்கும். ஆனா கண்ணுக்குப் பின்னாடி ரத்தக்குழாய் கெடும், வலிப்பு வரும். அதுன்னா இன்னைக்கே கணவாய் தாண்டி பிஷ்கெக் பெரியாஸ்பத்திரிக்குப் போயி கண்ணக் காட்டணும். சாயங்காலம் கணவாய மூடிருவான். ஒண்ணுக்குப் போகக் கூடாது, இன்னொண்ணுக்குப் போயே ஆகணும்."

"எதுன்னு எப்படிக்கா தெரியும்?"

"உன்ன வச்சுதான். அந்த வியாதி அம்மாகிட்டேர்ந்து பொண்ணுக்கு வரும்."

"எங்க பக்கம் யாருக்கும் இல்ல டாக்டரம்மா" என்றாள் அம்மா. கேட்கும் முன்பே வந்த பதில். "நெருப்பு மேல சத்தியம்."

தமிரா சைகலின் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். "முன்னாடி ரெண்டு தங்கப்பல்லு எதுக்கு?"

"குதிரைலேர்ந்து விழுந்து ஒடஞ்சுதுக்கா. மூணு வயசுல. அம்மா சொல்லுவாங்க."

"மூணு வயசுல ஒடையறது பால்பல்லும்மா. அது போனா வேற முளைக்கும். தங்கம் எதுக்கு?"

சைகலின் நாக்கு அந்தத் தங்கத்தைத் தொட்டுப் பார்த்தது. இத்தனை வருஷம் கண்ணாடியில் பார்த்த பல். ஒருமுறைகூட இந்தக் கேள்வி தோன்றவில்லை. பெண் பார்க்க வருமுன் அவசர அவசரமாகப் பல் கட்டுகிறவனிடம் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. ஆணிபோலக் கூராக முளைத்திருந்த இரண்டு பற்கள். 'விழுந்ததில தேஞ்சுபோச்சு' என்று அன்றைக்குச் சொன்னாள் அம்மா.

"இடது கண்ணு?" என்றாள் தமிரா. "தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கறியே."

"கைக்குழந்தைல அடுப்புப் பொறி பட்டுதாம். நிழல்தான் தெரியும்."

"அதுவும் அம்மா சொன்னதா?"

சைகல் தலையசைத்தாள்.

"இதுக்கு முன்னாடி குழந்தை தங்காமப் போச்சா?"

"ரெண்டு. ரெண்டும் பையன்."

"இந்த வியாதி பையனத் தங்க விடாது" என்றாள் தமிரா, கொஞ்சம் மெதுவாக.

அந்த இரண்டு தடவையும் மாமியார் வீட்டார் முன்னால் அம்மா சொன்னது சைகலின் காதில் இருந்தது. 'கனமான வாளியத் தூக்கினா. சொன்ன பேச்சக் கேக்கல.' எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவளும் அதை நம்பி, கிணற்றடியைப் பார்க்கும்போதெல்லாம் அழுதிருக்கிறாள். இப்போது அழுகை வரவில்லை. பெற்றவளே முதுகில் குத்தினால் வலி வர நேரமாகும் போலிருக்கிறது.

தமிரா பையிலிருந்து கைவிளக்கு ஒன்றை எடுத்தாள். "ஊதா வெளிச்சம். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாம வெளுத்திருக்கற தோலு இதுல பளிச்சுன்னு தெரியும். உன் காலப் பாத்தா முடிஞ்சுது. ஆனா அறை கும்மிருட்டா இருக்கணும்."

"இருட்டு கூடாது" என்றாள் அம்மா. எழுந்து போய் சுவிட்சின் முன் நின்றுகொண்டாள். "நாப்பது நாள் போகட்டும்."

"நாப்பது நாள் போனா கண்ணு இருக்காதுங்க."

"போகட்டுங்கறேன்ல!"

எர்மெக் வாயைத் திறந்தான். "நீங்க போயி வண்டியச் சூடு பண்ணுங்க" என்றாள் சைகல். இது தாய்க்கும் மகளுக்கும் உள்ள விவகாரம். அவன் போனதும், கனத்த கம்பளி விரிப்பை எடுத்து ஜன்னலை அடைத்தாள். ஜாடிக்குள் ஊதினாள். தலைமாட்டு விளக்கை அணைத்தாள். பிறகு அம்மாவைத் தோளோடு தள்ளிவிட்டு சுவிட்சைத் தட்டினாள். பிறந்ததிலிருந்து அம்மாவை அவள் தள்ளியதில்லை.

இருட்டு. வெளியே கார் உறுமிக்கொண்டிருந்தது. முடி பொசுங்கும் நெடி, இந்த முறை பக்கத்தில்.

விளக்கு 'டிக்' என்றது. ஊதாப் புகைபோல ஒரு வெளிச்சம் சைகலின் வெறுங்காலில் விழுந்தது. தோல் கறுத்தது. அதில் வெள்ளைக் கோடுகள் எழுந்தன. முழங்காலுக்குப் பின்னால் தொடங்கி, வளைந்து, குதிகால்வரை. பிள்ளையின் காலில் உள்ள அதே வளைவு.

"இதான்" என்றாள் தமிரா. "கெளம்பு. உடனே."

சைகல் கிளம்பவில்லை. குனிந்து, இருட்டில் துழாவி, அம்மாவின் காலுறையைப் பிடித்து இழுத்தாள். அம்மா தடுக்கவில்லை. விளக்கு திரும்பியது. கிழிந்த கம்பளிக்குள் அதே கோடுகள். அதே வளைவு.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"என் ரெண்டு பிள்ளைங்க போனப்பவும்?"

"தெரியும்டி. சொன்னா உன்ன யாரு கட்டுவா?"

"என் கண்ணு? அது பொறி பட்டதா?"

மூச்சு மட்டும் கேட்டது. அம்மாவின் மூச்சு. தமிராவின் மூச்சு. தன் மூச்சு. பிள்ளையினுடையது, சின்னதாக. அப்புறம் இன்னொன்று. ஈரமாக. தொட்டிலின் அந்தப் பக்கம்.

"டாக்டரக்கா. பிள்ளையக் காட்டுங்க."

விளக்கு தொட்டிலை நோக்கி நகர்ந்தது. சின்னக் கால். வயிறு. கழுத்து. முகம்.

பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தது. இடது கண்மணி கறுப்பாக இல்லை. பாலாக வெளுத்திருந்தது.

அப்போது அம்மா பேசினாள். சைகலிடம் இல்லை. தமிராவிடமும் இல்லை. தொட்டிலைத் தாண்டி, சுவர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துப் பேசினாள். கெஞ்சினாள்.

"ஒரு கண்ணு போதும்னுதானே கையில அடிச்சு சத்தியம் பண்ணின? என் பொண்ணுக்கு ஒண்ணோட விட்டியே. இவளுக்கும் ஒண்ணுன்னுதானே பேச்சு?"

பிள்ளையின் மூடிய வலது கண்ணின்மேல் வெள்ளைக் கோடுகள் கிடந்தன. ஐந்து. நீளமாக, மெலிந்து. அவற்றுக்குப் பின்னால் கை இல்லை, தோள் இல்லை, ஊதா இருட்டு மட்டும் இருந்தது. கோடுகள் வளைந்தன. மிகவும் மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்பும் பரிவோடு, அந்தச் சின்ன இமையை விலக்கத் தொடங்கின.