பச்சைத்தடத்துக்கு அப்பால்

காலை ஏழு ஐம்பதுக்கு ஜோவிட்டாவின் இடுப்பில் கட்டியிருந்த பட்டை வலப்பக்கம் இரண்டு முறை தட்டியது. திரும்பினாள். நூற்றுப் பன்னிரண்டு அடி நடந்ததும் முன்பக்கம் ஒரு நீண்ட அதிர்வு. நின்றாள். ஓசையில்லாத வண்டிகள் அவளுக்கு வழிவிட்டு நின்றுவிட்டன என்பதை, முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று அடங்கியதிலிருந்து தெரிந்துகொண்டாள். மறுபடி மெல்லிய தட்டல். சாலையைக் கடந்தாள்.

அந்தப் பட்டைக்கு இடைவார் என்று பெயர். செயற்கைக்கோள்களும் விளக்குக் கம்பங்களில் பதித்த உணரிகளும் சொல்வதை அது அவள் தோலுக்குச் சொல்லும். தூத்துக்குடியில் பார்வையில்லாத நானூறு பேரும் அதைக் கட்டியிருந்தார்கள். கைத்தடி வைத்திருந்தவர்கள்கூடத் தடியைப் பரண்மேல் போட்டுப் பல வருடங்களாகிவிட்டன.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. நாற்பது பம்புகள் ஓடும் கூடத்தில் நடந்து, எதன் சத்தம் மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். பம்புகளில் உணரிகள் உண்டுதான். ஆனாலும் ஜோவிட்டா சொல்லி மூன்று நாள் கழித்துத்தான் அவை சொல்லும். அதனால் நாற்பத்தேழு வயதில் அவளுக்கு ஆலையில் தனி மரியாதை.

அன்று சாப்பாட்டு நேரத்தில், உதிரிபாகக் கிடங்கைக் கவனித்துவந்த அவளுடைய தோழி சுல்தானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நேத்தும் ரெண்டு மணி நேரம் பேசினியாமே. என்னதான் பேசுவீங்க?"

"செஸ் ஆடினோம்."

"ஜெயிச்சது யாரு?"

"நான்தான். அவர் தோத்துட்டுச் சிரிப்பாரு. அதுக்காகவே ஆடலாம்."

அவர் என்றது ஜெபசிங்கை. வயது ஐம்பது. பார்வையில்லாதவர்களுக்கான தொலைபேசிச் சதுரங்கக் குழுவில் மூன்று வருடங்களுக்கு முன் பழக்கமானவர். வடகரையில் மிதவைக் குடியிருப்பில் இருந்துகொண்டு, அங்கேயே ஒரு பேக்கரியில் மக்ரூன் செய்துவந்தார். கடல் ஊருக்குள் வந்த பிறகு உப்பாற்று ஓடை அகன்றுபோய், ஊர் தென்கரை, வடகரை என்று இரண்டாகியிருந்தது. ஜோவிட்டாவின் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. மூன்று வருடங்களில் அவர்கள் ஒருமுறையும் சந்தித்ததில்லை.

சந்திக்க வழியில்லை. இடைவாரிடம் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்: "இவ்விடத்துக்குப் பச்சைத்தடம் இல்லை. துணையாளருடன் செல்ல விண்ணப்பிக்கலாம்."

பார்வையில்லாதவர்கள் நடக்கப் பாதுகாப்பானவை என்று சான்று பெற்ற தெருக்கள்தான் பச்சைத்தடம். மற்றவை எல்லாம் சாம்பல்தடம். சாம்பலில் காலை வைத்தால் இடுப்பைச் சுற்றிலும் வார் அதிரும். பத்து நிமிடத்தில் நடைக்காப்புத் துறையின் வண்டி வந்து வீட்டில் கொண்டுபோய் விடும். தானோட்டி வாடகை வண்டிகளும் அவர்களைச் சாம்பலில் இறக்கிவிடாது. ஜோவிட்டாவின் பச்சைத்தடம், ஓடைக்கு இந்தப் பக்கமே முடிந்தது. ஜெபசிங்கின் பச்சை, பேக்கரியிலிருந்து பாலத்தின் வடமுனை வரைதான்.

"நான்தான் கூட்டிட்டுப் போறேங்கிறேனே," என்றாள் சுல்தானா.

"நீ வந்தா எனக்கு முன்னாடி நீ அவரைப் பார்த்துருவ. எப்படி இருக்காருன்னு நீதான் எனக்குச் சொல்லுவ. அது வேண்டாம்."

"அதுவும் சரிதான்," என்றாள் சுல்தானா.

அந்தப் பச்சைத்தடச் சட்டத்தின் மேல் ஜோவிட்டாவால் கோபப்படவும் முடியவில்லை. சத்தமில்லாத வண்டிகள் வந்த புதிதில், ஒரே வருடத்தில் ஊரில் பார்வையில்லாத ஏழு பேர் அடிபட்டுச் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி நிர்மலா. பள்ளி விடுதியில் ஜோவிட்டாவுக்குப் பக்கத்துக் கட்டில். பாதுகாப்பான வழி வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து போராடியவர்களில் ஜோவிட்டாவும் இருந்தாள். கேட்டது கிடைத்தது. பதினான்கு வருடங்களாக ஒரு விபத்து இல்லை.

இருந்தாலும் தேட ஆரம்பித்தாள். கட்டளையிடாத ஒரு வழிகாட்டி எங்காவது இருக்குமா என்று உதவி மையத்தில் கேட்டாள். "உங்களுக்கு ஏற்கெனவே இடைவார் வழங்கியிருக்கிறோமே மேடம்," என்றார்கள். கடைகளில் கேட்டாள். மூக்குக்கண்ணாடியில் அம்புக்குறி காட்டும் கருவிகள்தான் இருந்தன. கடைசியில் பார்வையற்றோர் குழுக்களில் தன் குரலில் ஒரு செய்தி போட்டுவைத்தாள்: "கண் தெரியாதவங்களுக்குன்னே செஞ்ச பழைய ஜிபிஎஸ் யாருகிட்டயாவது இருக்கா?"

மூன்று வாரம் கழித்து மதுரையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் ஆறுமுகநயினார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவருக்கும் பார்வை கிடையாது. உள்ளே சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி, நான்கு பொத்தான்கள், ஒரு காதொலிப்பான். கூடவே ஒரு மடக்குத்தடி. அவருடைய குரல் பதிவும் இருந்தது.

"அம்மா, இது உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாது. நீ எங்க நிக்கிற, சுத்தி என்ன இருக்கு, இதை மட்டும் சொல்லும். போறதா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணணும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. இதுல இருக்கிற வரைபடம் முப்பது வருஷப் பழசு. அப்படியே நம்பிறாதே."

ஒரு மாதம், தினமும் மாலையில், தடியைத் தட்டிக்கொண்டு தன் தெருவிலேயே நடந்து பழகினாள். மணிக்கட்டுக்கு எல்லாம் நினைவிருந்தது. பயத்துக்கும் நினைவிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபசிங்கைப் பாலத்தின் வடமுனையில் நிற்கச் சொல்லிவிட்டு, பிற்பகல் நான்கு மணிக்குக் கிளம்பினாள். இடைவாரைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். திருட்டுத்தனமாகப் போக அவளுக்கு மனமில்லை. கட்டிக்கொண்டே போனாள். பச்சை முடிந்த இடத்தில் இடுப்பு முழுவதும் அதிர்ந்தது. தடியை நீட்டி, அடுத்த அடியை வைத்தாள்.

"வடக்கு நோக்கி நிற்கிறீர்கள்," என்றது கருவி. "இருபது மீட்டரில் நாற்சந்தி. வலப்பக்கம் தபால் நிலையம்."

வலப்பக்கம் தபால் நிலையம் இல்லை. டீ கொதிக்கும் வாசனைதான் வந்தது. தடியின் முனை எதையும் தொடாமல் ஆழத்தில் இறங்கியது. அதே நொடியில், சத்தமே இல்லாமல் ஒரு பெரிய வண்டி அவள் இடத்தோளை உரசுவதுபோல் கடந்தது. ஐஸ் குளிர்ச்சியும் மீன் வாடையும் முகத்தில் அறைந்துவிட்டுப் போயின. ஜோவிட்டா அப்படியே நின்றுவிட்டாள். நிர்மலாவும் இப்படித்தான் ஒரு நாற்சந்தியில் நின்றிருப்பாள்.

யாரோ ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "என்னம்மா நீ! இங்கெல்லாம் வரலாமா? வா, வா."

"அண்ணாச்சி, கையை விடுங்க. எங்க என்ன இருக்குன்னு வாயால சொல்லுங்க, போதும்."

அவர் கையை விட்டார். எப்படிச் சொல்வது என்று திணறினார். இப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். "அந்தா... அந்தா பாருங்க... இல்ல. முன்னால ஒரு குழி. நீங்க எடப்பக்கம் ரெண்டு அடி... ஆங், அப்படித்தான். இப்ப நேரா போங்க. வண்டி வந்தா நான் நிறுத்துறேன்."

"டேய், நிறுத்துடா!" என்று அவர் கத்துவது அடுத்த தெரு வரைக்கும் கேட்டது.

பாலத்தை நெருங்கியபோது நடைக்காப்பு வண்டி வந்துவிட்டது. இறங்கி வந்தது ஓர் இளம்பெண்ணின் குரல். "அம்மா, நான் மகிழினி. நடைக்காப்புத் துறை. நீங்க சாம்பல்ல இருக்கீங்க. வண்டியில ஏறுங்க, வீட்டுல விட்டுர்றேன்."

"எனக்கு வடகரைக்குப் போகணும்."

"தடம் இல்லையேம்மா."

"ஏன் இல்ல?"

மகிழினி கையிலிருந்த தொடுதிரையில் தேடினாள். "பாலம் மிதக்குது, ஆடும். நடுவுல பதினெட்டு அடிக்குக் கைப்பிடி கிடையாது. அதுவும்போக, இந்த வழியில பார்வையில்லாதவங்க யாரும் நடந்த பதிவே இல்ல. பதிவு இல்லாம சான்று தர மாட்டாங்க."

"தடம் இல்லாம நாங்க எப்படிம்மா நடக்கிறது?"

மகிழினி திரையை மறுபடியும் தட்டிப் பார்த்தாள்.

"நீ என்னைத் தூக்கிட்டுப் போனா நான் ஒண்ணும் செய்ய முடியாது," என்றாள் ஜோவிட்டா. "உன் வேலை அது. ஆனா அந்தப் பக்கம் ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு. மூணு வருஷமாப் பேசுறோம். அவர் பக்கத்துல ஒரு தடவை உட்காரணும். நீ என் பின்னாலயே வா. கையைப் பிடிக்காம வா."

ஓடைக் காற்று இருவருக்கும் நடுவே அடித்துக்கொண்டிருந்தது. மகிழினி ஷூவைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"எதுக்கு?"

"நீங்க விழுந்தா நான் குதிக்கணும்ல. ஷூவோட நீந்த முடியாது. போங்க."

பாலம் காலடியில் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது. நாற்பது அடி வரை கைப்பிடி வந்தது. பிறகு விரல்களுக்குள் வெறும் காற்று. "தண்ணீர்," என்றது கருவி. அதன் வரைபடத்தில் அந்தப் பாலமே இல்லை. "முன்னால் தண்ணீர். பின்னால் தண்ணீர்." காதொலிப்பானைக் கழற்றினாள்.

"ஜெபசிங்!" என்று கூப்பிட்டாள்.

"இங்கதான் இருக்கேன்!" தொலைபேசியில் கேட்டதைவிடக் கனமான குரல்.

"பேசிக்கிட்டே இருங்க. குரலைப் பிடிச்சுக்கிட்டு வரேன்."

"என்ன பேசறது?"

"எதையாவது!"

கொஞ்சம் தடுமாறிவிட்டு அவர் ஆரம்பித்தார். "முட்டை... முட்டை வெள்ளைக்கரு எடுத்துக்கணும். மஞ்சள் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. சீனி போட்டு அடிக்கணும். நல்லா நுரைச்சு, பாத்திரத்தைக் கவுத்தாலும் விழாம நிக்கணும். அப்புறம் முந்திரித்தூள்... மெதுவா, மெதுவாக் கலக்கணும்... ஜோவிட்டா, வாறீங்களா?"

"வாறேன். முந்திரிக்கப்புறம்?"

"அப்புறம் கூம்பு கூம்பா இடணும்... அடுப்புல வைக்கணும்... சூடு கம்மியா..."

தடி இடதும் வலதும் பலகையின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு வந்தது. பின்னால் ஒரு வெறுங்கால் சத்தம், ஒரே தூரத்திலேயே, நெருங்காமல். சமையல் குறிப்பு இரண்டாம் முறை முட்டையில் தொடங்கியபோது அவள் கை மறுபடி கைப்பிடியைத் தொட்டது.

பாலம் முடிந்து தரை வந்தது. வெண்ணிலா மணக்க யாரோ எதிரே நின்றிருந்தார்.

"வந்துட்டீங்க," என்றார்.

"வந்துட்டேன்."

அவர் கையை நீட்டினார், அவளும் நீட்டினாள். இரண்டும் காற்றில் ஒன்றையொன்று தவறவிட்டுப் பிறகு மோதிக்கொண்டன. அவர் உள்ளங்கை முழுவதும் அடுப்புத் தழும்புகள். தொலைபேசியில் அவர் அதைச் சொன்னதே இல்லை.

மகிழினி தொண்டையைச் செருமினாள். "அம்மா, உங்க கருவியில நடந்த வழி பதிவாகியிருக்குமா?"

"இருக்கும்."

"எனக்கு அனுப்புங்க. முதல் பதிவுன்னு சேர்க்கிறேன். கைப்பிடியைப் பத்தியும் எழுதுறேன். சான்று கிடைக்குமான்னு சொல்லத் தெரியல. மறுபடி மறுபடி எழுதுவேன்." சற்றுத் தயங்கினாள். "அதுவரைக்கும் வேற வண்டி அனுப்ப வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிர்றேன். ஏழு மணிக்குப் பாலத்துல நிப்பேன். திரும்பிப் போறதுக்கு. பின்னாலதான் வருவேன்."

அவள் போனபிறகு இருவரும் நடந்தார்கள். எங்கே என்று பேசிக்கொள்ளவில்லை. ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். இருவர் இடைவார்களும் அதிர்ந்து அதிர்ந்து அலுத்து ஓய்ந்துவிட்டன. ஏதோ ஒரு வீட்டில் மீன் பொரித்தார்கள். மிதவைகள் ஒன்றோடொன்று உரசி முனகின. அவள் கைத்தடி இருவருக்கும் முன்னால் போயிற்று.

"இது உங்க தெருவா?" என்று கேட்டாள் ஜோவிட்டா.

ஜெபசிங் நின்றார். காது கொடுத்துக் கேட்டார். "இல்லையே. வீட்டுல இருந்து பேக்கரி, பேக்கரியில இருந்து பாலம். அதைத் தாண்டி நான் நடந்ததே இல்ல."

"அப்ப நாம எங்க இருக்கோம்?"

"தெரியல," என்றார். அதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதினான்கு வருடங்களில் ஜோவிட்டா ஒரு தடவைகூட வழி தவறியதில்லை. அவள் கை கருவியின் பொத்தானைத் தேடிப் போய், தொட்டு, அழுத்தாமல் திரும்பியது. அதே கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் போலாம்?"

"நீங்க சொல்லுங்க."

காற்று இடப்பக்கமிருந்து வந்தது. அந்தப் பக்கம் திரும்பினார்கள்.