அதுக்கென்ன, நல்லா இருக்கு

"...அதனாலதான் சொல்றேன், பையை அங்க வைக்காதே. அது நடமாடுற வழி" என்றாள் அண்ணி, டீத்தூள் டப்பாவை மூடிக்கொண்டே.

"எது நடமாடுற வழி?"

"செல்லம்தான். வேற எது?"

வந்தவள் பையைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். பஸ்ஸில் வந்த வேர்வைகூட இன்னும் அடங்கவில்லை, அதற்குள் இத்தனை எச்சரிக்கைகள். சத்தமாகச் சிரிக்காதே, அது மிரளும். பின்னறைப் பக்கம் போகாதே, அது தூங்குது. இப்போது பை. இதே அண்ணி ஒரு காலத்தில், பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதற்கே ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் பினாயில் போட்டுத் துடைத்தவள். சோபாவில் ஒரு முடி கிடந்தால் நாள் முழுக்கத் தும்முகிறவள்.

"நாயா அண்ணி? பூனையா?"

"செல்லம்னா செல்லம். அதுல என்ன நாய், பூனைன்னு ஜாதி பிரிச்சுக்கிட்டு? டீயைக் குடி, ஆறுது."

வீடு அடையாளமே தெரியவில்லை. பண்டிகை மாதம், நாலு பேர் வந்து போகும் வீடு என்று அண்ணன் எல்லாவற்றையும் இடித்து மாற்றியிருந்தான்: ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருந்த சுவரைக் காணோம், பழைய மஞ்சள் போய்ப் பால் நிறப் பெயிண்ட், கால் வைத்தால் வழுக்கும் வெள்ளை டைல்ஸ், ஜன்னலைச் சுற்றி மின்னி மின்னி அணையும் சீரியல் பல்புகள், வார்னிஷும் பிளைவுட் பசையும் கலந்து தொண்டைக்குள் இறங்கும் வாசனை, அதற்கெல்லாம் அடியில், மூக்கு பழகப் பழக மெதுவாகத் தலைகாட்டும் இன்னொரு வாசனை. ஈரத்துண்டு. டால்கம் பவுடர். வெகுநேரம் மூடிக் கிடந்த உடம்பு.

அவள் வீடு பார்க்க வரவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள்.

அப்பா பஸ் ஓட்டியவர். அவர் ஒரு சத்தம் போட்டால் ஹாரன் எதற்கு என்று டெப்போவில் கிண்டல் செய்வார்கள். வீட்டிலும் அதே சத்தம்தான். ஒருநாள் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதும் ஆட்களை மறந்தார், அதட்டலை மட்டும் மறக்கவில்லை. அண்ணன்கள் இரண்டு பேரும் மாசம் ஒருத்தர் என்று முறை வைத்துக்கொண்டு, காலி சிலிண்டரை மாற்றுவதுபோல அவரை இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைச் சம்பளத்தில் அவளுக்கு இத்தனை நாள் ஒண்டுக்குடித்தனம்தான் கட்டுப்படியானது. இப்போது தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது. பாத்ரூமுக்குப் படி கிடையாது. அதைப் பார்த்த உடனே சரி என்று சொல்லிவிட்டாள்.

"அப்பா எங்க அண்ணி?"

"உங்கப்பாவா?" உப்பை எங்கே வைத்தோம் என்று யோசிப்பதுபோல அண்ணி யோசித்தாள். "இந்த மாசம் சின்னவர் முறை. ஞாயித்துக்கிழமை அவங்க எல்லாரும் இங்கதான் வராங்க. அப்பப் பாத்துக்கயேன், என்ன அவசரம்?"

சின்னண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவா? தூங்கறாரு. நேர்ல வந்து பேசிக்கலாம் வாலு, கையில வேலையா இருக்கேன்."

வாலு. ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை என்று அப்பா வைத்த பேர். வீட்டில் யாருக்கும் அவளுடைய நிஜப்பேர் வாயில் வராது.

மதியம் அண்ணி சாப்பிட்டுப் படுத்த பிறகு, வீடு முழுவதும் ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னறையிலிருந்து சத்தம் வந்தது. எவர்சில்வர் தட்டு டைல்ஸ் மேல் மெல்லத் தள்ளப்பட்டு, சுவரில் முட்டி, மறுபடி தள்ளப்பட்டு, பிறகு தட்டை வழித்து எடுக்கும் ஈரமான ஓசை, பிறகு கனமான ஏதோ ஒன்று பொத், பொத்தென்று தரையில் ஊன்றி ஊன்றி நகர்வது. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. நல்லா தின்னு கொழுத்திருக்கும்போல.

அப்புறம் அது தொண்டையைச் செருமியது.

பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் செருமுவார்களே, அப்படி.

ஆனால் யாரும் பேசவில்லை. அண்ணனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் காலையிலேயே கடைக்குப் போய்விட்டான் என்பது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் கார்பெண்டர் வந்தார். முன்பு அவர்தான் பின்னறையின் பழைய கதவைக் கழற்றிவிட்டு, நிலைக்கு மேல்பாதியைப் பலகை வைத்து அடைத்து, கீழே இடுப்பளவுக்கு ஒரு குட்டிக் கதவு போட்டிருந்தார். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட வந்தாராம்.

"என்ன நாய்ங்க இது? ரொம்பப் பெருசா?"

"நாயா?" அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார். "எனக்கு என்னம்மா தெரியும். நான் வேலை செய்யறப்ப வேற ரூம்ல கட்டிருந்தாங்க. ஆனா முதல்ல சுவர்ல ஒரு பிடிகம்பி கேட்டாங்க. வச்சுக் கொடுத்தேன். நாய்க்கு எதுக்குங்க கம்பி, அது என்ன பஸ்லயா போகப்போகுதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. போன வாரம் கூப்பிட்டுக் கழட்டிடச் சொல்லிட்டாங்க. இனி தேவைப்படாதாம். எந்திரிக்கற பழக்கம் விட்டுப்போச்சாம்."

அவர் எண்ணெய் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். அவள் அந்தக் குட்டிக் கதவுக்கு முன்னால் நின்றாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அதில் ஒரு பூட்டு, சாவி அண்ணியின் இடுப்பில். குனிந்து மரத்தில் காதை வைத்தாள். புது வார்னிஷ் கன்னத்தில் ஒட்டியது. உள்ளே மூச்சு. மிகப் பக்கத்தில். அவள் முழங்கால் உயரத்தில்.

அவள் மூச்சை நிறுத்தினாள்.

அதுவும் நிறுத்தியது.

அந்த வாரம் முழுவதும் உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்த எல்லோரும் ஒரே மாதிரி செய்தார்கள்: டைல்ஸைக் காலால் தேய்த்துப் பார்த்தார்கள், கிச்சன் அலமாரியை இழுத்து மூடிப் பார்த்தார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி "அது எங்க?" என்றார்கள். அண்ணி சாவியை எடுப்பாள். இவளும் பின்னால் போனால், "நீ இரு, உன் வாசனை அதுக்குப் புதுசு. தூக்கம் கெட்டுடும்" என்று அண்ணன் தோளில் கை போட்டு ஹாலுக்கே திருப்பிக் கூட்டிவருவான். உள்ளேயிருந்து 'அய்யோ' என்று கொஞ்சும் குரல்கள் கேட்கும். திரும்பி வரும்போது கையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் பூரித்து வருவார்கள்.

அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, அத்தை, ஒரு டப்பா பிஸ்கட்டோடு உள்ளே போனவள் காலி டப்பாவோடு வந்தாள்.

"என்ன சாது, என்ன சாது! முன்னாடியெல்லாம் எப்படிக் கத்தும்? தெருவே கேட்கும். இப்ப வாயே திறக்கறதில்ல."

"முன்னாடியே பாத்திருக்கீங்களா அத்தை?"

அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். காது கேட்காதவளைப் பார்ப்பதுபோல. "என்னடி கேள்வி இது? நான் அது கூடவே வளர்ந்தவ" என்று சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அண்ணியிடம் டைல்ஸ் என்ன விலை என்று கேட்கப் போய்விட்டாள்.

புரியவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அத்தைக்கு வயசாகிவிட்டது, உளறுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சின்னண்ணன் வருவான். அப்பாவைக் காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்குவான். அதே காரில் நேராகத் தன் வீட்டுக்குப் போய்விடலாம். படி இல்லாத பாத்ரூம். படி இல்லாத பாத்ரூம் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் கார் வந்து நின்றது. சின்னண்ணன் இறங்கினான். சின்னண்ணி இறங்கினாள். கதவுகள் சாத்தப்பட்டன.

"அப்பா எங்க சின்னண்ணா?"

"வாலு! இளைச்சுட்டியே. மருந்துக்கடையில இருந்துக்கிட்டு ஒரு டானிக் குடிக்கக் கூடாதா?"

"அப்பா எங்க?"

சின்னண்ணன் பெரியண்ணனைப் பார்த்தான். பெரியண்ணன் அண்ணியைப் பார்த்தான். ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தையும் மற்றவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். ஜன்னலில் பல்புகள் மின்னின. அணைந்தன. மின்னின.

"அதுக்கென்ன?" என்றான் சின்னண்ணன். "நல்லா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. குடும்பச் சிரிப்பு.

"நான் அப்பாவைக் கேட்டேன்" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அண்ணி எழுந்தாள். இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். "சரி, இனிமே எத்தனை நாள்தான் இவகிட்ட மறைக்கறது? வா. வந்து பாரு. பாத்தா நீயே சொல்லுவ."

ஹால். சாப்பாட்டு மேஜை. கிச்சன் ஓரம். பின்னால் செருப்பில்லாத கால்கள், டைல்ஸில் பச்சக் பச்சக்கென்று, எல்லாக் கால்களும். பவுடர் வாசனை ஏறியது. ஈரத்துண்டு வாசனை ஏறியது. தாழ்ப்பாள் சத்தமே போடவில்லை. கார்பெண்டர் நன்றாக எண்ணெய் விட்டிருந்தார்.

அவள் குனிந்தாள். குனியாமல் உள்ளே போக முடியாது.

பால் நிறச் சுவர். முழங்கால் உயரத்தில் மட்டும் அழுக்குத் தீற்றல். மூலையில் மெத்தை. தட்டு.

தட்டுக்கு மேல் ஒரு முதுகு.

வெள்ளை பனியன். ஒட்ட வெட்டிய நரைமுடி. முழங்கால்களில் பஞ்சு வைத்துத் தைத்த தோல் உறை. உள்ளங்கைகள் தரையில், விரல்கள் விரிந்து. ஒரு காலத்தில் ஸ்டியரிங்கை வளைத்த விரல்கள். நகம் வெட்டி, சுத்தமாக.

தலை திரும்பியது.

அப்பா தேறியிருந்தார். கன்னம் உப்பியிருந்தது. முகத்தில் எந்தக் கவலையும் இல்லை. எந்தக் கோபமும் இல்லை. எதுவுமே இல்லை. பளபளவென்ற இரண்டு கண்கள் மட்டும், அவளைத் தாண்டி, அண்ணியின் கையைப் பார்த்தன.

"அப்பா. நான் வாலு. எந்திரிங்கப்பா. வீடு பாத்திருக்கேன். நாம போகலாம்."

அவர் அவள் விரலை மோந்து பார்த்தார். பிறகு நாலு எட்டு வைத்து, பொத், பொத், அண்ணியின் காலடிக்குப் போய், அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"எந்திரிங்கப்பா!" அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கடித்தார்.

பல் இல்லை. பல்செட்டைக் கழற்றியிருந்தார்கள். வெறும் ஈறு. சூடான, ஈரமான ஈறு அவள் மணிக்கட்டைக் கவ்வி நெரித்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல். ஃபிரிட்ஜ் மாதிரி. விடவில்லை.

"ஏய், அதை மிரட்டாதே!" கதவுக்கு வெளியே அத்தை.

"பாவம், பயப்படுது பாரு." சின்னண்ணி. "எங்கம்மாவும் இப்படித்தான் முரண்டு. எங்க வீட்டுலயும் ஒரு ரூம் போடணுங்க. கார்பெண்டர் நம்பர் கொடுங்க அண்ணி."

அண்ணி விரலைச் சொடுக்கினாள். ஒரே சொடுக்கு. வாய் திறந்தது. அப்பா உட்கார்ந்தார். குதிகாலில். நிமிர்ந்து. அழகாக.

கைதட்டினார்கள்.

"இழுத்தா வராது வாலு" என்றான் பெரியண்ணன், மென்மையாக, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அதே குரலில். "நாங்களும் எவ்வளவோ பாத்தோம். அவரு, அவருன்னு சொல்ற வரைக்கும் அடி, திட்டு, கத்தல். அதுன்னு சொல்ல ஆரம்பிச்சோம். அப்படியே அடங்கிடுச்சு. அதுவும் சந்தோஷமா இருக்கு, நாங்களும் சந்தோஷமா இருக்கோம்."

அண்ணி அவள் உள்ளங்கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தாள். "உட்காரு. கையை நீட்டு. மேல இருந்து நீட்டாதே, கீழ இருந்து."

அவள் ஓடியிருக்கலாம். கதவில் முகங்கள். பூரித்த முகங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, குனிந்து. அவள் மண்டியிட்டாள். கையை நீட்டினாள். ஒரு தடவை அவர் பக்கத்தில் வந்தால் போதும். காதில் சொன்னால் போதும். அவருக்குப் புரியும்.

அவர் வந்தார். மெதுவாக. கண் பிஸ்கட்டில். ஈறு பட்டது. நாக்கு பட்டது. துகள் துகளாக, விரலிடுக்கில், ரேகையில், நக்கினார். அவளுடைய இன்னொரு கை தானாகவே எழுந்து அவர் தலையில் போனது. முள்முள்ளாக, பவுடர் வாசனையோடு, வெதுவெதுப்பான தலை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் காதருகே குனிந்தாள். அப்பா என்றுதான் சொல்ல வந்தாள். வாய் அதற்குத்தான் திறந்தது.

"பசிச்சிருக்குபோல அண்ணி" என்றாள். "அதுக்கு."

தன் காதிலேயே அது விழுந்தது.

நக்குவது நின்றது. அப்பா கண்ணைத் திறந்து அவளை, முதல் தடவையாக அவளை, நேராகப் பார்த்தார். ஒரு கணம் அங்கே யாரோ இருந்தார்கள். பிறகு மறுபடியும் குனிந்து உள்ளங்கையை நக்க ஆரம்பித்தார்.

அண்ணி சின்னப் பெண்போலக் கைகளைச் சேர்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் அவள் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில்.

"பாத்தியா! பழகிடுச்சு பாத்தியா! இப்பச் சொல்லு வாலு, பொய் சொல்லக் கூடாது. முன்னைக்கு இப்ப எவ்வளவோ நல்லா இருக்குல்ல? ம்? நீ என்ன நினைக்கிற?"