வேறொரு வாய்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கிளினிக்குக்கு முதல் ஆளாக வந்தவர் அந்த லிஃப்ட் மெக்கானிக். மேல் முன்பல் சாய்வாகப் பாதி உடைந்திருந்தது. எங்கேயும் விழவில்லை, எதையும் கடிக்கவில்லை, காலையில் எழுந்தபோதே இப்படித்தான் இருந்தது என்றார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இது நடப்பதுண்டு. பல் நிறத்திலேயே இருக்கும் பசையால் உடைந்த பகுதியைக் கட்டி, விளக்கொளி காட்டி இறுக்கி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். நான் கட்டியது போயிருந்தது. மறுபடி கட்டினேன்.

மூன்றாம் நாளும் வந்தார்.

இனிப் பசை நிற்காது, பல்லின் மேல் உறைபோல் கேப் போட்டுவிடலாம் என்றேன். வேர் கெட்டிருந்தால் முதலில் வேர் சிகிச்சை. அதுவும் முடியாதென்றால் பல்லைப் பிடுங்கி, எலும்பில் திருகு வைத்துப் புதுப்பல். படம் எடுத்துப் பார்த்தேன். வேர் நன்றாகவே இருந்தது. கேப்புக்காகப் பல்லைச் சுற்றிலும் தேய்த்துவிட்டு, பல்லின் அச்செடுக்கும் மாவைத் தட்டில் நிரப்பி வாயில் அழுத்தினேன்.

அறைக்குள் கிரீஸ் வாடை அடித்தது. கூடவே ஈரக் குழியின் வாடை.

தட்டை வெளியே எடுத்தேன்.

அதில் பதிந்திருந்தது அவர் வாய் இல்லை.

சின்ன வாய். பற்கள் நெருக்கியடித்து நின்றன. ஒரு கோரைப்பல் மேலே ஏறியிருந்தது. முன்பல்லில் நான் தேய்த்த தடமே இல்லை. உடைசல் மட்டும் அப்படியே இருந்தது. மாவு கலந்ததில்தான் ஏதோ கோளாறு என்று மறுபடி எடுத்தேன்.

மறுபடியும் அதே வாய்.

அவர் தட்டை வாங்கி, அந்தக் கோரைப்பல் குழியை விரலால் தடவினார்.

"இது என் தம்பி பல்லு, டாக்டர்."

ஆறு மாதத்துக்கு முன்பு தம்பி லிஃப்ட் குழிக்குள் வேலையாக இருந்தபோது, மேலே சுவிட்சைப் போட்டது இவர். குழியை விட்டு ஏறியிருப்பான் என்று நினைத்துவிட்டாராம். கூப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. லிஃப்ட் இறங்கித் தம்பியை நசுக்கிவிட்டது. பிறகு, அவன் சொல்லித்தான் போட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். தம்பி மனைவி இன்றைக்கும் புருஷன் படத்தின் முன் நின்று, ஏன் அப்படி அவசரப்பட்டாய் என்று அழுகிறாளாம்.

"அவகிட்ட உண்மையச் சொல்லிடட்டுமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவர் என் நாற்காலியை விட்டு எழுந்து போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

"நடந்தது நடந்துபோச்சு. இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? விட்டுடுங்க."

தட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தற்காலிகமாக ஒரு கேப்பை ஒட்டி அனுப்பினேன்.

மறுநாள் அவர் வரவில்லை. போன் செய்தேன். பல் அப்படியே இருக்கிறது, ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன் என்றார். நான் சொன்னபடியே விட்டுவிட்டாராம்.

அடுத்த நாள் காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ராத்திரி பூரா தூக்கத்துல யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

நான் என்ன பேசினேன் என்று கேட்டேன்.

"'நான் இன்னும் ஏறலண்ணே'ன்னு. திரும்பத் திரும்ப அதையேதான்."

எனக்கு அண்ணன் கிடையாது.