இரண்டு தட்டு

ராஸ் அல் கைமா துறைமுகத்தை ஒட்டிய யார்டில் ஒரு பழைய சரக்குக் கப்பலை உடைக்கும் வேலை. நானும் வைரவனும் திங்கட்கிழமை காலை ஏறினோம். இருவருக்கும் சிவகங்கைப் பக்கம், ஒரே கேம்ப், ஒரே ரூம். அவன் அடித்தொட்டிக்குள் இறங்கி இரும்பை வெட்டுவான். நான் மேலே, அவன் இறங்கும் துளைக்குப் பக்கத்தில் வாக்கிடாக்கியோடு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் உடனே ஆளை இறக்க வேண்டும். உள்ளே காற்று கெட்டுவிட்டால் மனிதன் அதிக நேரம் தாங்க மாட்டான்.

பதிலை வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது ரூல். வெட்டும்போது தீப்பொறிக்குப் போடும் முகமூடியைக் கழற்றிப் பேசச் சோம்பல்பட்டு நாங்கள் வேறு வழி வைத்திருந்தோம். வாக்கிடாக்கியின் பட்டனை இரண்டு தட்டுத் தட்டினால் 'நல்லா இருக்கேன்'. எங்கள் கெட்டிக்காரத்தனத்தில் தீயை வைக்க.

ஒன்பது மணி. டக், டக். ஒன்பது பத்து. டக், டக்.

வெளியே வெயில் கொளுத்தியது. துளை வழியே வந்த காற்று மட்டும் குளிர்ந்திருந்தது. துருவும் பழைய உப்பும் கலந்த நாற்றம் தொண்டையில் ஒட்டியது.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, பதிலும் வந்த பிறகு, ஸ்டோர் ஹபீப் முகம்மது பாய் டீ கொண்டுவந்தார். என் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைக் காட்டினார்.

"அதுதான் தம்பி, வயர்லெஸ் ரூம். அந்தக் காலத்துல இந்தக் கப்பல் புயல்ல மாட்டி ஓட்டையாயிருச்சு. உதவி கேட்டா முதலாளி திட்டுவாருன்னு கேப்டன் தடுத்துட்டாராம். ஆபரேட்டர் தண்ணி கழுத்துக்கு வர்ற வரைக்கும் 'எல்லாம் நலம்'னே தந்தி அடிச்சிருக்கான். ஒருத்தரும் வரல. முழுகின கப்பலை அப்புறம் தூக்கிட்டாங்க, பத்தொன்பது பேரு போய்ட்டாங்க."

நான் துளையைப் பார்த்துச் சிரித்தேன். "கேட்டியா மாப்ள? தூங்கிட்டியா?"

டக், டக்.

என் இரண்டு கையும் டீ கிளாஸில் இருந்தன.

நான் பட்டனை அழுத்தவே இல்லை.

வாயைத் திறக்காமல், மனதுக்குள் மட்டும், "வைரவா" என்றேன்.

டக், டக்.

மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஏணியின் காலடியில் அவன் குப்புறக் கிடந்தான். கை விறைத்துப் போயிருந்தது. விழுந்த வேகத்தில் அவனுடைய வாக்கியின் பேட்டரி கழன்று தூரமாகக் கிடந்தது. மேலே என்னுடையது தட்டிக்கொண்டே இருந்தது.

உயிர் ஒன்பது மணியை ஒட்டிப் போயிருக்கிறது என்றார் டாக்டர். அதன்பிறகு பதின்மூன்று முறை கூப்பிட்டேன், பதின்மூன்று முறையும் பதில் வந்தது. முதல் தடவை பதில் வராமல் இருந்திருந்தால் அவனைத் தூக்கியிருப்பேன்.

"வீட்டுக்கு நீதான் சொல்லணும்" என்றார் பாய். வைரவனின் போனைப் போலீஸ் பையில் போட்டுச் சீல் வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். சாயங்காலம் என் போனில் அவன் மனைவி நாகவள்ளியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு ஆயுசு நூறு" என்றாள். "இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டு வச்சாரு."

"யாரும்மா?"

"அவருதாண்ணே. நல்லா இருக்காராம். நீங்க கூப்பிட்டு என்னமாச்சும் சொல்லுவீங்க, நம்பாதேன்னாரு."