துவைக்கிற கல்லோரத்துச் செடி

கல்லோரத்து மண் ஈரமாக இருந்ததுதான் முதல் கோளாறு. சித்திரை மாதம், ராஜகிரிப் பாறை பொழுது சாய்ந்தும் அனல் விடுகிற செஞ்சியில், ரீட்டா வீட்டுக் கொல்லையில் யாரும் துணி துவைக்காத கல்லைச் சுற்றி மண் ஐஸ் மாதிரி சில்லென்று கிடந்தது. அதன் நடுவே ஒரு செடி. முழங்கால் உயரம், உச்சியில் வெள்ளைப் பூக்கொத்து.

அடுத்த வீட்டுக் குழம்பில் என்ன காய் என்பதுவரை மதில்மேல் எக்கிப் பார்த்துவிடுகிற ஷோபனாவே அன்றுதான் அதைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, நர்சரியில வாங்கினியா?"

"நான் வைக்கலடி."

"காக்கா எச்சத்துல மொளச்சிருக்கும். சரி, சிங்கவரம் போறோம், நாளைக்குத்தான் வருவோம். நீயாவது நேரத்துக்குச் சாப்டு. ஒரு தட்டுல."

ரீட்டாவின் இரண்டாவது தட்டு தெருவுக்கே தெரிந்த கதை. மகன் பிரவின் கனடாவில், வடக்கே சதுப்பு நிலத்தில் அளவெடுக்கப் போய் உள்ளே அமிழ்ந்துவிட்டான். உடம்பு கிடைக்கவில்லை என்று கம்பெனிக்காரர்கள் போனில் சொல்லிவிட்டார்கள். ஆன்மாவுக்குப் பூசை வைக்கலாம் என்ற சர்ச் சாமியாரிடம், "முகத்தப் பாக்காம எப்படி சாமி" என்று கேட்டுவிட்டு வந்து அவனுக்கும் சோறு போட்டாள். தெரு கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு அதுவும் சலித்து, வருவதை நிறுத்திக்கொண்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போயிற்று. ஷோபனா வீட்டு டிவியும் இல்லாத தெருவில் ரீட்டாவின் மூச்சுதான் பெரிய சத்தம். பின்கதவு வழியாகக் கற்பூரமும் ஊறிய சருகும் கலந்த வாசனை, குளிர்ந்த காற்றோடு வந்தது. செல்போன் வெளிச்சத்தோடு கல்லோரம் போனாள்.

ஒருமுறை வீடியோ காலில் பிரவின் ஒரு செடியைக் காட்டியிருந்தான். "லேப்ரடார் டீ மா. பனியிலயும் இலை கொட்டாது, இங்க கொதிக்கவச்சுக் குடிப்பாங்க."

"நாய் பேரா இருக்குதே."

"சிரிக்காத. இதே மாதிரி விஷச்செடி இருக்குது. மேலாப்புல பாத்து நம்பக்கூடாது, திருப்பிப் பாக்கணும். ஓரம் உள்ள சுருண்டிருக்கும். அடியில துருக் கலர்ல கம்பளி இருந்தாத்தான் இது."

இலையைத் திருப்பினாள். ஓரம் சுருண்டிருந்தது. அடியில் துருநிறக் கம்பளி.

ரீட்டாவுக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அவன் அனுப்பியிருக்கிறான். தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுபோய்விடலாம் என்று தண்டைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

கீழிருந்து யாரோ இழுத்தார்கள்.

"ஷோபனா." பூட்டிய வீடு. கால் கணுக்கால்வரை புதைந்திருந்தது. கையால் தோண்டினாள். மண் கறுப்பாக, வெண்ணெய்போல் வழிந்தது. குளிர். இன்னும் குளிர். பிறகு விரல்கள்.

ஒரு கை. புறங்கை மேலாக. டிகாஷன் நிறம். நகம்கூட அழுகவில்லை. நடுவிரல் இடுக்கில் செடியின் வேர்.

யார் கை வேண்டுமானாலும் இருக்கலாம். பிரவினுக்கு உள்ளங்கையில் தழும்பு உண்டு. சின்ன வயதில் கிறிஸ்துமஸ் மத்தாப்புக் கம்பி சுட்டது. திருப்பிப் பார்க்கணும்.

திருப்பினாள்.

தழும்பு இருந்தது. அதைச் சுற்றி, உள்ளங்கை நிறைய, துருநிறக் கம்பளி.

"சாப்டியாடா," என்றாள் ரீட்டா.

விரல்கள் ஒவ்வொன்றாக உள்பக்கம் சுருண்டன. அவள் மணிக்கட்டைச் சுற்றி.