ஒன்றுமே பதியாத ஒரு நிமிஷம்

ஒன்றுமே பதியாத அந்த ஒரு நிமிஷத்துக்குள் யாரோ தும்மினார்கள்.

ராஜபாண்டியன் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டான். அது வெறும் பதிவு. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, காற்றுகூட இல்லை. புது இயர்போன் எது கைக்கு வந்தாலும் அவன் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். நல்ல கருவி என்றால் அந்த மௌனம் ஆழக் கிணறு மாதிரி இருட்டாக இருக்கும். மட்டமானது என்றால் தூரத்தில் எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல் வரும். இரண்டில் ஒன்றுதான் வழக்கம். தும்மல் வந்தது கிடையாது.

அன்று சிவகாசியில் கரண்ட் இல்லாத நாள். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் விடுவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தத் தெருவில் அச்சு மெஷின்கள் ஓடுகிற ஓட்டத்தில் சுவரில் மாட்டிய காலண்டர்கூட லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். அவன் வேலை பார்க்கிற பிரஸ்ஸும் அதில் ஒன்று. ஊரே வாயை மூடிக்கொள்கிற அந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்து, ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, இயர்போன்களை ஒப்பிட்டு எழுத உட்காருவான். இணையத்தில் அதைப் படிக்கவென்று ஒரு கூட்டம் இருந்தது. வீடியோ போடச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு தடவை போட்டும் பார்த்தான். செல்போனுக்குள்ளிருந்து பேசிய கீச்சுக் குரலைக் கேட்டுவிட்டு, "இவன் யார்றீ?" என்று மனைவியிடம் கேட்டான். அருணாதேவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒங்க கொரலுதான். எங்களுக்குத் தெரியும், ஒங்களுக்குத்தான் தெரியல." அதோடு அழித்துவிட்டான்.

இன்றைக்கு மேஜையில் இரண்டு ஜோடி இருந்தன. பித்தளை நிறத்தது பழசு. பேஸ் என்கிற அடி ஒலி தடித்தது. அதில் தவில் கேட்டால் லோடு லாரி முக்குத் திரும்புகிற மாதிரி உறுமும். குரல்கள் ஓரடி பின்னால் போய் நிற்கும். உச்ச ஒலிகளைச் சீவிவிட்டிருப்பதால் நாள் முழுக்கக் கேட்டாலும் காது உறுத்தாது. கறுப்பு நிறத்தது நேற்றுக் கூரியரில் வந்தது. பெட்டியில் கம்பெனி பெயர் இல்லை. பேஸ் அளவோடு நின்றது, குரல் முன்னால் வந்தது, உச்ச ஒலியான ட்ரெபிள், கண்ணாடி வளையல்கள் உரசுவதைத் தனித்தனியாக எடுத்துக் காட்டியது. ஒன்றுதான் அவனுக்கு உறுத்தலாக இருந்தது. காதில் அது உட்கார்ந்த விதம். தூங்கும்போது யாரோ மெழுகு ஊற்றி அச்செடுத்துப் போய்ச் செய்தது போல் அம்புட்டுப் பொருத்தம்.

பித்தளையை மாட்டி வெறும் பதிவை ஓடவிட்டான். கிணற்று இருட்டு.

கறுப்பை மாட்டினான். தும்மல். மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருக்கிற பொம்பளை தும்மினால் அமுங்கி வருமே, அந்தத் தும்மல். அதற்குப் பிறகு காகிதம் சரசரத்தது. பிறகு இடது பக்கம் கொஞ்சம் தள்ளி, உலோகத்தில் உள்ளங்கை பட்ட சத்தம்.

டப்.

தொடர்ந்து, ரப்பர் விரிப்பில் வெறுங்கால் ஊன்றி நடக்கிற சத்தம்.

அந்த டப் அவனுக்குத் தெரியும். போன ஆயுத பூஜைக்கு, ஆனைக்குட்டம் ரோட்டில் அருணாதேவி வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வெடிமருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தவள் அவள்தான். "இதத் தொடாம உள்ள போகக் கூடாதுங்க. நம்ம மேல இருக்குற கரண்டெல்லாம் இது வழியா பூமிக்குப் போயிரும். செருப்பு ஆகாது, செல்லு ஆகாது, பாலியஸ்டர் சட்டை ஆகாது. ஒரு பொறி போதும்."

பயந்தவன் அந்த இடத்தில் காதிலிருந்து பிடுங்கி எறிந்திருப்பான். ராஜபாண்டியனுக்குப் பயம் வந்தது, ஆனால் அதைவிட ஆசை ஒரு படி மேலே நின்றது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தெளிவை அவன் கேட்டதில்லை. செல்லில் ஈக்வலைசரைத் திறந்தான். பேஸைக் குறைத்து, மனிதக் குரல் குடியிருக்கிற நடுப்பகுதியை மெல்ல ஏற்றினான்.

அறை அவனைச் சுற்றி விரிந்தது. வலது பக்கம் திரி செருகுகிற விரல்கள். நேர் எதிரே தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்கிற சத்தம்.

"இந்த வெயிலுக்கு மருந்து தானா வெந்துரும் போலிருக்கே." அது மூக்கம்மாளின் குரல். அருணாதேவியோடு ஒரே ரூமில் வேலை பார்ப்பவள், அவனுக்கு மதினி முறை. தும்மலும் அவளுடையதுதான். "ஏ அருணா, ஒம் புருசன் இன்னைக்கு லீவா?"

"கரண்டு இல்லல்ல. இந்நேரம் காதை அடைச்சிக்கிட்டுத் தலையாட்டிக்கிட்டு இருப்பாரு."

"நீ கட்டிக்கிட்டது அவன. அவன் கட்டிக்கிட்டது அவன் காத."

பெண்கள் சிரித்தார்கள். அருணாதேவியின் சிரிப்பு அவன் மூக்குக்கு நேராக, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கேட்டது. அவனும் சிரித்துவிட்டான். மூடிய வீட்டுக்குள் தன்னந்தனியாக.

சிரிப்பு அடங்கியபோது முதுகில் வேர்வை குளிர்ந்திருந்தது. கம்பெனி வாசலில் எல்லார் செல்லையும் வாங்கிக் கூடையில் போட்டுவிடுவார்கள். உள்ளே எதைக் கொண்டும் பதிய முடியாது. அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?

அப்போதுதான் தூரத்தில், பின்பக்கம், ஒரு பைக் சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருக்கிற பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஒருவன் இறங்கி ஓடிவந்தான். ஜல்லியில் செருப்பு நறநறத்தது. செருப்புக் காலோடுதான் வந்தான். ராஜபாண்டியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

டப் வரவில்லை.

தகட்டைத் தொடவில்லை அவன்.

"ஏலே, செருப்பு! செருப்பு!" என்று மூக்கம்மாள் அலறினாள். அதற்கு மேல் அவன் ஏதோ கத்தினான். கீச்சுக் குரல், பாதி வார்த்தை விழுங்கிப்போன குரல். "...வாரான்! ...வாரான்!" என்பது மட்டும் புரிந்தது. அருணாதேவி, "வேண்டாம்" என்றாள்.

பிறகு காதுக்குள் வெள்ளையாக ஒன்று கிழிந்தது.

அதன் பின்னால் வந்ததைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கறுப்பு இயர்போன் எதையும் சீவவில்லை. இடது ஓரத்தில் ஒரு குரல் மூச்சு உள்ளே போகாமல் விக்கி நின்றது. வலது ஓரத்தில் மூக்கம்மாள் தெய்வத்தைக் கூப்பிட்டாள். வார்த்தை குழைந்து நீர்க்கொப்புளமாக உடைந்தது. கொழுப்பு உருகிச் சொட்டுகிற சத்தம், சேலை தோலோடு ஒட்டிச் சுருள்கிற சத்தம், எலும்புக் கணுவில் தீ பிடித்துப் படீரென்று தெறிக்கிற சத்தம், எல்லாம் தனித்தனியாக, அதனதன் இடத்தில். நட்ட நடுவில் அவள். "என்னங்க" என்று கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். தொண்டை வெந்து அடைகிற வரைக்கும் கத்தினாள்.

நிமிஷம் முடிந்தது. மௌனம்.

எழுந்தான். அவள் நம்பருக்கு அடித்தான், ரிங் போயிற்று. போர்மேன் நேசகுமாருக்கு அடித்தான், அதுவும் போயிற்று. வாசல் கூடைக்குள் இரண்டு செல்லும் ஒன்றன்மேல் ஒன்று அலறுவதை நினைத்துக்கொண்டான். காலையில் வேன் ஏறும்போது அவள் சொன்னது காதில் சுற்றியது. "புளிச்சோறு கட்டி வச்சிருக்கேன், நேரத்துக்குச் சாப்புடுங்க. காதை அடைச்சிட்டா நான் செத்துக் கெடந்தாலும் ஒங்களுக்குக் கேக்காது." அவன் சும்மா இருந்திருக்கலாம். "மூக்கம்மா மதினி ஒப்பாரி வப்பாகள்ல, அது கேக்கும்" என்று சொல்லியிருந்தான்.

இன்னும் நடக்கவில்லை. தீப்பிடித்திருந்தால் இந்நேரம் ஊர் முழுக்கச் சத்தம் கேட்டிருக்கும், சைரன் ஓடியிருக்கும். இன்னும் நடக்கவில்லை என்றால் தடுத்துவிடலாம். செருப்போடு வருகிற அந்தப் பயலை வாசலிலேயே மடக்கிவிட்டால் போதும். நனைந்த சட்டையை உரித்துப் போட்டுவிட்டுக் கொடியில் கிடந்த பனியனைத் தலைவழியே இழுத்தான். பாலியஸ்டர் பொரபொரவென்று பொரிந்தது. கை மயிர் எழுந்து நின்றது. அதைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

காதிலிருந்து கறுப்பைக் கழற்றவும் இல்லை. அந்தப் பயல் எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

நாரணாபுரம் தாண்டியதும் காற்று அனலாக அடித்தது. கருவேலங்காட்டுக்கு நடுவே தார் ரோடு பளபளத்தது. செல் கால்சட்டைப் பைக்குள் வெறும் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது. காகிதச் சரசரப்பு. தும்மல். டப். பின்னால் அந்தப் பைக். இப்போது முன்னைவிடக் கிட்டத்தில். ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தில். எங்கேயோ பக்கத்தில்தான் வருகிறான் சண்டாளன். ராஜபாண்டியன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. முறுக்கினான்.

கம்பெனி கேட் திறந்து கிடந்தது. வாட்ச்மேன் கையை விரித்து மறித்தார். "எங்கன போறீக? செல்லைக் குடுங்க! ஏய், செல்லு!"

"எவனும் வந்தானா? செருப்போட எவனும் வந்தானா?"

பதிலுக்கு நிற்கவில்லை. கறுப்புக்குள் அந்த எஞ்சின் இரைச்சல் தலையை நிறைத்தது. அந்தப் பயல் முந்திவிட்டான். உள்ளே போய்விட்டான். ராஜபாண்டியன் வேப்பமரத்தடியில் பைக்கை ஓடவிட்டபடியே போட்டுவிட்டு இறங்கி ஓடினான். ஜல்லி நறநறத்தது.

இரண்டு காதிலும் நறநறத்தது.

ரூமின் நாலு கதவும் திறந்திருந்தன. நாலு பேருக்கான இடத்தில் அன்று மூன்று பேர். சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் துணி, விரலெல்லாம் வெள்ளிப் பொடி. ஓரத்தில் ஒரு சாக்கு ஆள் இல்லாமல் விரித்துக் கிடந்தது. அருணாதேவி நிமிர்ந்தாள். கண் மட்டும் தெரிந்தது. முதலில் அது சிரித்தது.

பிறகு அவன் காலைப் பார்த்தது. மூக்கம்மாள் அலறினாள்.

"ஏலே, செருப்பு! செருப்பு!"

"வெளிய வா! அவன் வாரான்! தேவி, அவன் வாரான்!"

அடைத்த காதுக்குள் தன் குரல் பானைக்குள் பேசியது போல் உருண்டது. அதே நொடியில், அதே வார்த்தையை, வெளியிலிருந்து வேறொருவன் கத்தினான். கீச்சுக் குரலில். வாரான். வாரான்.

இவன் யார்றீ?

அவளை இழுக்கக் கை நீட்டியிருந்தான். நீட்டிய கை நின்றது. விரல் நுனிக்கும் அவள் தோளுக்கும் நடுவில் நீலமாக ஒரு நூல்.

"வேண்டாம்" என்றாள்.

வெள்ளை.

வேப்பமரத்தடியில் கண் விழித்தான். வானத்திலிருந்து சாம்பல் உதிர்ந்துகொண்டிருந்தது. பனியன் நெஞ்சோடு உருகி ஒட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை. பக்கத்துக் கிளையில் ஒரு கை தொங்கியது. விரல்கள் வெள்ளியாக மின்னின. வாட்ச்மேன் வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் இல்லை. சைரன் வண்டியின் விளக்கு சுழன்றது. சத்தம் இல்லை. கறுப்பு இரண்டும் காதுக்குள் பத்திரமாக இருந்தன.

வயர் பாதியில் கருகி அறுந்து அவன் நெஞ்சின் மேல் கிடந்தது.

காகிதம் சரசரத்தது.

தும்மல்.

"இந்த வெயிலுக்கு..." என்றாள் மூக்கம்மாள்.

ராஜபாண்டியன் தலையைத் திருப்பினான். கூரை இல்லை. மேற்குச் சுவர் இல்லை. மிச்சச் சுவரோரமாக மூன்று பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கரிக்கட்டையாக. முடி இல்லை, முகத்தில் துணி இல்லை, துணி மறைத்திருந்த முகமும் இல்லை. கைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்துக்காரிக்கு ஒரு கைதான். அவளும் நிறுத்தவில்லை. இல்லாத திரியை இல்லாத குழாயில் செருகி, செருகி, செருகி. ஒவ்வொரு அசைவுக்கும் அவன் காதுக்குள் அதற்குரிய சத்தம், அதற்குரிய இடத்தில்.

நடுவில் இருந்தவள் நிமிர்ந்தாள். உதடு இல்லாத பல்வரிசை அசைந்தது.

"சாப்ட்டீகளா?"

நாலாவது சாக்கு ஒரு நூல்கூடக் கருகாமல் விரித்துக் கிடந்தது. அதன் மேலிருந்த சாம்பலை அவள் புறங்கையால் தட்டிவிட்டாள். தோல் கழன்று சாக்கில் விழுந்தது.

"தகட்டத் தொட்டுட்டு வாங்க."

காதுக்குள் கேட்டது. டப்.

அதற்குப் பிறகுதான் அவன் கை எழுந்தது.