ஆறாத குவியல்

உரக்கிடங்கின் கடைசிக் குவியல் இன்னும் ஆறவில்லை. சூடு பார்க்கும் நீண்ட கம்பியை அதன் வயிற்றில் செருகியவள், கம்பித் தலையில் உள்ள முள் ஏறுவதைக் கண்டு, தான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்று உருவித் துடைத்து மறுபடி செருகினாள். முள் அதே இடத்தில் வந்து நின்றது. காய்ச்சல் இல்லாத மனிதனின் உடம்புச் சூடு.

இலையும் கழிவும் எப்போதோ மட்கி முடிந்து, சலிப்பதற்காகக் காத்திருக்கும் உரம் அது. தின்ன ஒன்றும் மிஞ்சாதபோது உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும், சூடும் தணியும். மாலை வகுப்பில் ஆசிரியை சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சத்து மண்ணுக்கும் செடிக்குமாகச் சுற்றி வரும். சக்தி சுற்றாது, சூடாகிக் கரைந்துபோகும், புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் இதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது?

இந்தக் குவியலைப் புரட்டியவன் அவள் அண்ணன். எடுத்ததற்கெல்லாம் வெடிப்பதால் உரக்கிடங்கில் அவனுக்குப் பட்டாசு என்று பெயர். கடைசி நாட்களில் மட்டும் எதைச் சொன்னாலும் "பரவாயில்ல" என்று சிரித்தான். அவன் கை பட்டால் சில்லென்றிருந்தது. போன வாரம் வேலைக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. தேடக் கிடங்கில் ஒருத்தர்கூட அசையவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொட்டகைக்குள் பாய்ந்தாள்.

"எங்க அண்ணன் எங்க?"

மேஸ்திரி மெல்ல நிமிர்ந்தார். "போனவன் வருவான். கோவப்படாதம்மா, உக்காரு."

"உக்காரவா வந்தேன்? உங்க வீட்டுப் பையன்னா இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருப்பீங்களா?"

உரம் சலிக்கும் அக்கா சிரித்தாள். "நானும் உன்ன மாதிரிதான்டி குதிச்சேன். அந்தக் குவியல்கிட்ட கொஞ்சம் நில்லு, எல்லாம் அடங்கிடும்."

குளிர்காலத்து மாலை. பேசும்போது அவள் வாயிலிருந்து ஆவி பறந்தது. அவர்கள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு குவியலுக்கு ஓடினாள். தகரக் கூரை காற்றில் முனகியது. வெட்ட வெட்டக் கரிய மண் சரசரவென்று சரிந்து பாதங்களை மூடியது. உள்ளிருந்து மண் வாசனை வரவில்லை, தூங்குகிறவனின் பிடரியில் வரும் வெதுவெதுப்பான வியர்வை வாசனை வந்தது. அண்ணனின் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. சட்டைப் பொத்தான்கள். எலும்பில்லை. துணியில்லை. மக்காதவை மட்டும்.

"பாவிகளா!" என்று அலறினாள்.

குவியலில் செருகி நின்ற கம்பியின் முள் ஏறியது.

மறுபடி அலறினாள். மறுபடி ஏறியது.

வாயைப் பொத்திக்கொண்டாள். புரிந்துவிட்டது. இதன் தீனி கோபம்தான், தரக் கூடாது. ஒரு துளிகூட. போலீசுக்குப் போக வேண்டும், இவர்களைச் சும்மா விடக் கூடாது. கோபத்தை உள்ளேயே இறுக்கிப் பிடித்தாள். அது விரலிடுக்கில் நீர்போல் நழுவியது. மேஸ்திரியின் முகத்தை நினைத்தாள். ஒன்றும் எரியவில்லை. அண்ணனை நினைத்தாள். பாவம். அவ்வளவுதான். கைகள் குளிர்ந்தன.

முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது.

பின்னால் காலடி. சலிக்கும் அக்கா தோளில் கை வைத்தாள். அந்தக் கை அவளுக்குச் சில்லென்று படவில்லை. இப்போது இருவர் உடம்பும் ஒரே குளிர்.

"பூட்ஸக் கழட்டி வெளிய வெச்சிடும்மா. பொத்தானையும் பிச்சுடு. உங்கண்ணன் அப்படியே இறங்கிட்டான், சலிக்கிறப்ப எனக்குத்தான் ரோதனை."

"பரவாயில்லக்கா," என்றாள்.

பூட்ஸைக் கழற்றி அண்ணனின் ஜோடிக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை. குவியலின் உச்சியிலிருந்து வந்தது, குபுக் குபுக்கென்று, உள்ளே யாரோ கத்திக்கொண்டிருப்பதைப் போல.